கல் நாய்க்கு ஒரு வடைமாலை

முழங்காலில் நின்று ஒரு கல் நாயின் கழுத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். முந்தானையை இடுப்பில் செருகியிருந்தேன். கையில் பூச்சாடி கழுவுகிற பிரஷ். பக்கத்தில் ஒரு வாளி தண்ணீர், அதன்மேல் சவர்க்கார நுரை.

வைகாசி மாதத்துச் சனிக்கிழமை காலை. வெயில் நன்றாக எறித்தது, ஆனாலும் தோட்டத்துக் குழாய்த் தண்ணீர் ஐஸ் மாதிரி. விரல் நுனியெல்லாம் மரத்துவிட்டது. தேய்க்கத் தேய்க்கக் கல் கறுத்துக்கொண்டே போனது. எண்ணெயால் கறுத்ததா, தண்ணீரால் கறுத்ததா என்று விளங்கவில்லை. காய்ந்தால்தான் தெரியும். காயவிட நேரம் இல்லை.

பின்னால் என் மகன் குகன் நின்றான். கையில் வேலி வெட்டுகிற கத்திரி. அதைக் கீழே வைக்கவும் மறந்து நின்றான்.

“அம்மா, இனி உரஞ்சாதேங்கோ. கல்லும் தேயப்போகுது.”

“கொஞ்சம் பொறு தம்பி. இந்தக் கீழ்ப்பக்கம் மட்டும்.”

அப்போதுதான் கீழே சரளைக்கல் பாதையில் கார் ஏறுகிற சத்தம் கேட்டது.

இப்போது இதைச் சொல்லும்போது எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. எழுதுகிற என் பேத்தியும் பேனையை வைத்துவிட்டுச் சிரிக்கிறாள். எனக்கு எழுத்து வாசிப்பு இல்லை என்பதை இந்தப் பத்திரிகைத் தொடரின் முதல் கிழமையே உங்களுக்குச் சொல்லிவிட்டேன். நான் வாயால் சொல்ல, அவள் அதைப் பேப்பர்த் தமிழாக்கி எழுதுகிறாள். அன்றைக்கு நாங்கள் ஒருவரும் சிரிக்கவில்லை. நாங்கள் இந்த நாட்டில் இருப்பதா, விமானம் ஏறுவதா என்பது அந்தக் கல்லின் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

தபால்காரரின் துண்டு

எண்பதுகளில் இங்கே சுவிஸில் இருந்தவர்களுக்கு ‘நெகட்டிவ்’ என்றால் என்னவென்று சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன், அகதி விண்ணப்பத்தை ஏற்கவில்லை என்று வருகிற கடிதம் அது. லாங்கன்தாலில் எங்கள் ஆட்கள் இரண்டு பேர் றோட்டில் சந்தித்தால் சுகம் விசாரிப்பதற்கு முன்னமே, “என்ன, உங்களுக்கும் வந்திட்டுதோ?” என்றுதான் கேட்பார்கள். ஏதோ காய்ச்சலைக் கேட்பது போல.

எங்களுக்கு அது சித்திரை கழிந்த கையோடு வந்தது. தபால்காரர் பெட்டிக்குள் பதிவுத் தபால் வந்திருப்பதாக ஒரு துண்டு போட்டிருந்தார். குகன் அதைக் கொண்டுபோய்க் கையெழுத்து வைத்துக் கடிதத்தை எடுத்தான். வழியில் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்து, சப்பாத்தும் கழற்றாமல், கதவடியில் நின்றபடியே திறந்தான். அவனுடைய முகத்தை வாசிக்க எனக்கு எழுத்துத் தெரியத் தேவையில்லை.

குகன், மருமகள் மலர், நான், மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே கடிதம். மலருக்கு அப்போது ஏழு மாதம். அவள் கதிரையில் இருந்து வயிற்றின்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டாள்.

அந்த முடிவை மறுத்து எழுத ஒரு மாதத் தவணை இருந்தது. தேவாலயத்துப் பக்கத்து அறையில் கிழமைக்கு ஒருநாள் அகதிகளுக்கு உதவுகிற ஒரு சுவிஸ்காரப் பெண் எல்லாப் பேப்பர்களையும் எழுதித் தந்தாள். ஒன்று மட்டும் குறைவு என்றாள். இந்த ஊரில் மதிப்பான ஒருவர், இவன் நல்ல வேலைக்காரன், நம்பிக்கையானவன் என்று ஒரு கடிதம் தரவேண்டும். அது இருந்தால் பாரம் கூடும் என்றாள்.

குகன் ஒரு தோட்டக்காரரிடம் வேலை செய்தான். சனிக்கிழமைகளில் ஊரின் மேல்கரையில் இருந்த ஒரு பெரிய வீட்டுக்கு அவனை அனுப்புவார்கள். அந்த வீட்டு ஐயா முன்பு ஏதோ பெரிய உத்தியோகத்தில் இருந்தவராம். பெர்னில் அவருடைய பெயரைச் சொன்னால் கதிரை எடுத்துப் போடுவார்களாம். குகன் தயங்கித் தயங்கி அவரிடம் கேட்டான். அவர் ஓம் என்றார். ஆனால், யப்பானில் இருந்து மனைவியின் அண்ணன் வருகிறார், அவரைக் கவனித்துவிட்டுத் திங்கட்கிழமை எழுதித் தருகிறேன் என்றார்.

புதன்கிழமை தவணை முடிகிறது. இடையில் ஒரு சனிக்கிழமை. அந்தச் சனிக்கிழமையைத்தான் நான் குழப்பினேன்.

அலுமாரிக்குள் இருந்த சாமி

அந்தக் காலத்தில் இங்கே கோயில் ஏது? இப்போது ஊருக்கு ஊர் தேர் இழுக்கிறார்கள். அன்றைக்கு எங்கள் பிள்ளையாரும் முருகனும் உடுப்பு அலுமாரிக்குள் இருந்தார்கள். மேல்தட்டில் சாமிப் படம், கீழே குகனின் காற்சட்டைகள். காலையில் கதவைத் திறந்து கும்பிட்டுவிட்டுச் சாத்துவேன். சாம்பிராணிப் புகை முழுக்க உடுப்பில் ஏறிவிடும். குகனோடு வேலை செய்கிற இத்தாலிக்காரன், நீ என்ன வாசனைத் தண்ணி பூசுகிறாய், எனக்கும் ஒரு போத்தல் வாங்கித் தா என்று கேட்டானாம்.

என் மனதுக்குள் ஒரு குறை இருந்தது. நான் வைரவரைக் கும்பிட்டு வளர்ந்தவள். எங்கள் வீட்டில் காய்ச்சலுக்கும் வைரவர், களவு போனாலும் வைரவர். அவருடைய படம் கொண்டுவரவில்லை. அவர் காவல் தெய்வம், அலுமாரிக்குள் வைத்துப் பூட்டுகிற ஆளும் இல்லை.

அப்படி இருக்கும்போதுதான் ஒருநாள் குகன் சோறு சாப்பிட்டுக்கொண்டே, “அந்தப் பெரிய வீட்டுத் தோட்டத்துக்குள்ளை ஒரு கோயில் இருக்கம்மா. யப்பான் கோயில்” என்றான்.

கரண்டியோடு அப்படியே நின்றேன்.

ஐயாவின் தகப்பன் யப்பானில் பட்டு வியாபாரம் செய்தவராம். அங்கே ஒரு கிராமத்தில் றெயில் பாதை போடக் குடிசனங்களை எழுப்பியபோது, ஒரு சின்ன மரக்கோயில் தனித்துப் போய்விட்டது. எத்தனையோ நூறு வருஷப் பழசு. அதை அவர் பலகை பலகையாகக் கழற்றிக் கப்பலில் ஏற்றிக்கொண்டுவந்து தன்னுடைய தோட்டத்தில் திரும்பப் பொருத்தி நிறுத்தினாராம். ஐயாவும் தகப்பன் வழியில் அந்த நாட்டுக்குப் போய்வந்து, அங்கேயே கலியாணமும் கட்டினார்.

“நான் ஒருக்காப் பாக்கலாமோ?” என்று கேட்டேன்.

“கேட்டுப் பாக்கிறன். ஆனால் ஒண்டையும் தொடக்கூடாது அம்மா. பாசியைக் கூடச் சுரண்ட விடமாட்டார் அந்த மனுசன்.”

தொடக்கூடாது என்று அவன் சொன்னது சத்தியமாக என் காதில் விழுந்தது. இதை இப்போது ஒத்துக்கொள்கிறேன்.

திறப்பைக் கவ்விய நாய்

அந்த வீட்டு அம்மா, வரட்டும் என்று சொல்லிவிட்டாராம். ஒரு சனிக்கிழமை குகனோடு பஸ்ஸில் போனேன். மிச்சம் நடை. ஏற்றம். எனக்கு இளைத்தது.

தேவதாரு மரங்களுக்குக் கீழே ஒரு சிவப்பு வாசல். இரண்டு தூண், மேலே இரண்டு குறுக்கு மரம். கதவும் இல்லை, மதிலும் இல்லை. நான் சப்பாத்தையும் காலுறையையும் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனேன். பனி உருகின மண். உள்ளங்காலில் இருந்து உச்சிவரை குளிர் ஏறியது. வாசலுக்குப் பக்கத்தில் கல் தொட்டியில் தண்ணீர், அதன்மேல் ஒரு மூங்கில் அகப்பை. வந்தவர்கள் கால் கழுவத்தானே வைத்திருக்கிறார்கள் என்று நன்றாக மொண்டு மொண்டு இரண்டு காலையும் கழுவினேன். அது கை கழுவி வாய் கொப்பளிக்கிற தண்ணீர் என்பது பிறகுதான் தெரியும். அந்த அம்மா யன்னலடியில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தாராம்.

கோயில் சின்னது. எங்கள் வீட்டுக் குசினியில் பாதி வராது. மரம் எல்லாம் வெள்ளி போல நரைத்துவிட்டது. ஆணியைக் காணவில்லை. பழைய மழையின் மணம் அடித்தது. கதவு சாத்தியிருந்தது. உள்ளே யார் என்று குகனைக் கேட்டேன், அது ஒருநாளும் திறக்கிறதில்லையாம் என்றான்.

கதவுக்கு முன்னால் இரண்டு பக்கமும் இரண்டு கல் நாய். கூரான மூஞ்சி, நிமிர்ந்த காது, ஒன்றுக்குக் காது உடைந்திருந்தது. மற்றதைப் பார்த்தேன். வாயில் ஒரு திறப்பைக் கவ்விக்கொண்டிருந்தது. சாவியைத்தான் நாங்கள் திறப்பு என்கிறோம்.

என் உடம்பெல்லாம் புல்லரித்தது.

எங்கள் ஊரில் இராப் பூசை முடிந்ததும் ஐயர் கோயிலைப் பூட்டித் திறப்பைக் கொண்டுபோய் வைரவர் காலடியில் வைப்பார். கோயில் முழுக்க வைரவர் பொறுப்பு. அவருடைய வாகனம் நாய். இங்கே நாய், அதன் வாயில் கோயில் திறப்பு. இதற்குமேல் எனக்கு யார் வந்து என்ன சொல்ல வேண்டும்? நான் அவரைத் தேடிக்கொண்டிருக்கிறேன், மனுசன் எனக்கு முன்னமே கப்பல் ஏறி வந்து லாங்கன்தாலில் காவல் இருக்கிறார்.

குகனுக்குக் கேட்காமல் வாய்க்குள் சொன்னேன். “என்ரை பிள்ளையளை இங்கை இருக்க விடு. உனக்கு வடைமாலை போடுறன்.”

வழக்கத்தில் காரியம் முடிந்த பிறகுதான் மாலை போடுவது. ஆனால் காரியம் முடியும்போது நான் எந்த நாட்டில் நிற்பேனோ யாருக்குத் தெரியும். நெகட்டிவ் வந்த பிறகு அந்த யோசனை என்னைப் படுக்கவிடவில்லை. தவணைக்கு முன்னால் போட்டுவிட வேண்டும் என்று முடிவு கட்டினேன்.

உழுந்தும் சுங்கமும்

நல்லவேளை, என்னிடம் உழுந்து இருந்தது. நான் இந்த நாட்டில் வந்து இறங்கியபோது விமான நிலையத்தில் சுங்கக்காரன் என் பையைத் திறந்து அந்தக் கறுப்பு உழுந்துப் பொட்டலத்தை எடுத்தான். மணந்தான். இன்னொருவனைக் கூப்பிட்டான், அவனும் மணந்தான். மூன்றாவதாக வந்தவன் ஒன்றை எடுத்துக் கடித்தான். பல் நொந்ததோ என்னவோ, கையைக் காட்டிப் போ என்றான். அந்த உழுந்தில் ஒரு சுண்டு மிச்சம் வைத்திருந்தேன், மலரின் பிள்ளைப்பேற்றுக்குக் களி கிண்ட.

அதைத்தான் எடுத்தேன். வெள்ளிக்கிழமை ஊறவைத்தேன். மலர் கேட்டதற்கு, குகனுக்கு வேலையில் சாப்பிட நாலு வடை என்றேன். பொய்தான். அவளும் நம்பினாளோ தெரியாது, தோல் போக்க உதவி செய்தாள்.

அம்மி இல்லை. பால் அடிக்கிற மெசினில் போட்டு அரைத்தேன். அது ஒரு சுற்றுச் சுற்றி அழும், நான் நிறுத்தித் தடவிக் கொடுப்பேன், பிறகும் சுற்றும். மிளகை நிறையப் போட்டேன். வைரவருக்கு உறைப்பு வேண்டும். விடியக் காலையில் சின்னச் சின்னதாகத் தட்டி, நடுவில் ஓட்டை போட்டு, முறுகப் பொரித்தேன். இருபத்தேழு. நூலில் கோத்துக் கடதாசியில் சுற்றிக் கைப்பைக்குள் வைத்தேன்.

பஸ்ஸில் ஒரு கிழவி மூக்கை உறிஞ்சி உறிஞ்சி என்னையே பார்த்தாள். குகன் வெளியே பார்த்தபடி இருந்தான். அன்றைக்கு விருந்தாளி வருகிற நாள் என்று அவனுக்கு நெஞ்சிடி. வேலி நேராக இருக்கவேண்டும், பாதையில் ஒரு இலை கிடக்கக்கூடாது. நான் இன்றைக்கு வரவேண்டாம் என்றுதான் அவன் சொல்லிப் பார்த்தான். ஓரமாக நின்று கும்பிட்டுவிட்டு வாறன் என்று அடம்பிடித்து ஏறினேன்.

அவன் வேலிக்குப் போனதும் நான் வைரவரிடம் போனேன். மரக்கோயில் என்றபடியால் கற்பூரம் கொளுத்தவில்லை. அவ்வளவு புத்தி இருந்தது. சூடு ஆறாத மாலையை எடுத்துத் திறப்புக் கவ்விய நாயின் கழுத்தில் போட்டேன். என்ன பொருத்தம்! அளவெடுத்துச் செய்தது போல நெஞ்சில் படிந்தது. கண்ணை மூடி எல்லாவற்றையும் சொல்லிக் கும்பிட்டேன். மலரின் வயிற்றையும் சொன்னேன்.

கண்ணைத் திறந்தபோது குகன் முன்னால் நின்றான். முகத்தில் இரத்தம் இல்லை.

“அம்மா, என்ன செய்தனீங்கள்?”

மாலையைக் கழற்றினான். அந்தச் சாம்பல் நிறக் கல்லில், கழுத்தைச் சுற்றி நெஞ்சுவரை, வட்ட வட்டமாக எண்ணெய் இறங்கியிருந்தது. பழைய கல், துவாரம் கூடியது, பஞ்சு போலக் குடித்துவிட்டது. கல்லோடு ஒட்டிக்கிடந்த வடைகள் மட்டும் பதின்மூன்று வட்டம். ஒவ்வொன்றின் நடுவிலும் வடையின் ஓட்டை கூடத் தெரிந்தது.

காரில் வந்தவர்கள்

இதுதான் அந்த வாளித் தண்ணீரின் கதை. இனிக் காருக்கு வருவோம்.

முதலில் ஐயா இறங்கினார். உயரமான மனுசன், தடியூன்றி நடப்பார். பிறகு அந்த அம்மா. என்னைவிடக் கட்டை, நரைத்த தலையைக் குட்டையாக வெட்டியிருந்தார். கடைசியாக அவருடைய அண்ணன், கறுப்புக் கோட்டுப் போட்ட ஒரு வயோதிபர். அவர்களுடைய பரம்பரைதான் அந்தக் கிராமத்தில் அந்தக் கோயிலைப் பார்த்து வந்ததாம். கோயில் ஊரைவிட்டுப் போன பிறகு, தங்கச்சியைத் தவிர, அதைக் காண வருகிற முதல் ஆள் அவர்.

ஒளிக்க இடமில்லை. வாளி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், பிரஷ்ஷோடு. வடைமாலையை முதுகுக்குப் பின்னால் பிடித்திருந்தேன்.

ஐயா கல்லைக் கண்டார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். விரலால் தொட்டார், மணந்து பார்த்தார். எனக்கு அந்தச் சுங்கக்காரன் ஞாபகம் வந்தது. பிறகு நிமிர்ந்து குகனிடம் ஒரு கேள்வி கேட்டார். சத்தம் போடவில்லை. மெல்லத்தான் கேட்டார்.

குகன் கையைத் தன் நெஞ்சில் வைத்து “இஷ்” என்றான். அந்த ஜேர்மன் பாஷையில் எனக்குத் தெரிந்த ஐந்தாறு சொல்லில் அதுவும் ஒன்று. நான் என்று அர்த்தம்.

கடிதம் எழுதப்போகிறவர் முன்னால் இவன் குற்றத்தைத் தன் தலையில் போடுகிறான். நான் பாய்ந்து முன்னால் போனேன். எண்ணெய்க் கையால் என் நெஞ்சில் அடித்து, “இஷ், இஷ்” என்றேன். மாலையையும் தூக்கிக் காட்டினேன். குகன் என்னைப் பின்னால் தள்ள, நான் அவனைத் தள்ள, வாளி தட்டுப்பட்டுத் தண்ணீர் ஐயாவின் சப்பாத்தில் போனது.

ஐயா எங்கள் இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்தார். கடிதத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. அதுதான் என்னைக் கொன்றது. இன்றைக்கு வேலை போதும், வீட்டுக்குப் போ என்று மட்டும் குகனிடம் சொன்னார்.

அப்போது அந்த அம்மா என் கையில் இருந்த மாலையைப் பிடித்தார். ஒரு வடையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, இது என்ன, ஏன் போட்டாய் என்று குகன் மூலம் கேட்டார். நான் சொன்னேன். கோயில் திறப்பு, காவல், வைரவர், அவருடைய நாய், எல்லாம் சொன்னேன். குகன் வியர்த்து வியர்த்து அந்தப் பாஷையில் சொன்னான்.

அவர் கேட்டு முடித்துவிட்டு ஏதோ சொன்னார். குகன் என் பக்கம் திரும்பினான்.

“அம்மா, அது நாய் இல்லையாம்.”

“பின்னை?”

“நரியாம்.”

தரையில் இருந்துவிட்டேன். விடியக் காலையில் எழும்பி, குளித்து, பிள்ளைப்பேற்றுக்கு வைத்த உழுந்தை அரைத்து, ஒரு நரிக்கு மாலை போட்டிருக்கிறேன்.

அந்த அம்மாவும் எனக்குப் பக்கத்தில் குந்தினார். மெல்ல மெல்லச் சொன்னார், குகன் துண்டு துண்டாகத் தமிழில் தந்தான். அவர்களுடைய ஊரில் இது நெல்லுக்கு உரிய தெய்வம். நரி அதன் ஏவலாள். வாயில் இருப்பது நெற்களஞ்சியத்தின் திறப்பு. அங்கே சனங்கள் நரிக்கு முன்னால் எண்ணெயில் பொரித்த பலகாரம் வைப்பார்களாம். அது நரிக்கு நல்ல விருப்பமாம். இந்தக் கோயில் இந்தத் தோட்டத்துக்கு வந்த நாளில் இருந்து யாரும் ஒன்றும் வைக்கவில்லையாம்.

“அவருக்கு இது பழைய சாமானாம் அம்மா” என்றான் குகன், ஐயாவைப் பார்க்காமல். “இந்த அம்மாவுக்கு வைக்க ஆசைதானாம். வைக்கேல்லையாம்.”

அந்த அண்ணன் தொட்டியில் கை கழுவி வாய் கொப்பளித்தார். மாலையில் இருந்து ஒரு வடையைக் கழற்றி, ஒரு இலையில் வைத்து, சாத்திய கதவுக்கு முன்னால் வைத்தார். இரண்டு தரம் குனிந்தார். இரண்டு தரம் கை தட்டினார். எனக்கு எங்கள் சண்டேசுவரர் ஞாபகம் வந்தது, அவர் முன்னாலும் அப்படித்தான் தட்டுவோம். நானும் எழும்பி இரண்டு தரம் தட்டினேன். எதற்கும் இருக்கட்டும் என்று.

பிறகு அவர் இன்னொரு வடையைக் கழற்றித் தன் வாயில் போட்டார். மிளகு பிடித்துக்கொண்டது. முகம் சிவந்து, கண்ணால் நீர் ஓடி, இருமி இருமி நின்றார். தங்கச்சி முதுகில் தட்டினார். இருமல் நின்ற பிறகும் அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அது மிளகுக்கு மட்டும் இல்லை என்று எனக்குப் பட்டது.

நான் திரும்பி ஐயாவைத் தேடினேன். ஈரச் சப்பாத்தோடு அவர் வீட்டுக்குள் போய்க்கொண்டிருந்தார். கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

மூன்று நாள்

ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. மலருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. அவள் ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். அவளோ, “சாப்பிடுங்கோ மாமி” என்று சோற்றுக் கோப்பையைக் கொண்டுவந்து வைத்தாள்.

திங்கட்கிழமை குகன் வேலையால் வந்தான். ஐயா எழுதித் தருவதாகச் சொன்ன நாள் அது. வெறுங்கை. அந்தப் பக்கம் போகத் தனக்குத் துணிவு வரவில்லை என்றான். நான் அலுமாரியைத் திறந்து பிள்ளையாரைப் பார்த்தேன். இத்தனை பேர் வீட்டில் இருக்க நீ ஏன் வெளியில் போனாய் என்று அவர் கேட்பது போல இருந்தது. சாத்திவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை மழை. அந்தச் சுவிஸ்காரப் பெண் வந்து, இருக்கிற பேப்பர்களோடு நாளைக்குத் தபாலில் போடுவோம், வேறு வழியில்லை என்று சொல்லிவிட்டுப் போனாள். மலர் உடுப்புகளை மடித்து அடுக்கத் தொடங்கினாள். பிள்ளைக்கு வாங்கின சின்னச் சட்டைகளை மட்டும் தனியாக வைத்தாள்.

பின்னேரம் மணி அடித்தது. நான்தான் கதவைத் திறந்தேன். அந்த அம்மா, குடையோடு. பஸ்ஸில் வந்திருக்கிறார். கோட்டுக்குள் இருந்து ஒரு கடித உறையை எடுத்தார். ஒரு சொட்டு நனையவில்லை.

குகன் நின்றபடியே வாசித்தான். ஐயாவின் கடிதம் கட்டை. ஆறேழு வரி. நேரத்துக்கு வருபவன், ஒழுங்கானவன் என்று முதலில் இருந்ததாம். அடுத்த வரியில் அவன் நிறுத்திவிட்டான்.

“என்னடா? வாசியன்” என்றேன்.

“இந்த ஆள் தான் செய்யாத பிழையைத் தன்ரை தாய்க்காகத் தன்ரை எண்டு சொன்னதை நான் கண்ணாலை கண்டனான். தாய் அதுக்கு விடேல்லை. இப்பிடியான ஆக்கள் எங்கடை நாட்டிலை இருக்கவேணும் எண்டு எழுதியிருக்கிறார் அம்மா.”

மலர் சின்னச் சட்டைகளை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். அந்த அம்மா என்னிடம் இரண்டு விரலைக் காட்டினார், இரண்டு விசயம் என்று. ஒன்று, கல்லை இனித் தேய்க்க வேண்டாம். இரண்டு, அடுத்த வருஷமும் வடை கொண்டுவா, ஆனால் கழுத்தில் வேண்டாம், இலையில் வை. மிளகைக் குறைக்கச் சொல்லவில்லை.

கண்ணாடிப் பெட்டி

அந்த மறுப்புக்குப் பதில் வர இன்னும் ஒன்றரை வருஷம் ஆனது. அந்தக் கவலை வேறு, அதை வேறு கிழமைக்கு வைத்திருக்கிறேன். இருக்கலாம் என்று பதில் வந்த நாளில் மலர், “மாமி அண்டைக்கு நரி முகத்திலை முழிச்சவா” என்று எல்லோருக்கும் சொல்லித் திரிந்தாள். வருஷா வருஷம் வைகாசியில் நான் வடை கொண்டுபோனேன். ஐயா ஒருநாளும் வெளியே வந்து கும்பிட்டதில்லை. ஆனால் போகும்போது யன்னலைத் திறந்து, தனக்கு இரண்டு மிச்சம் இருக்கிறதா என்று கேட்பார்.

அவர் காலமான பிறகு அந்த அம்மா வீட்டைக் கொடுத்துவிட்டு மகளோடு போய்விட்டார். கோயிலை ஒரு நகரத்து அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். அந்த ஏழு மாத வயிற்றில் இருந்தவள், இப்போது இதை எழுதுகிறவள், பள்ளிக்கூடத்தோடு போய்க் கண்டுவிட்டு வந்து, அடுத்த ஞாயிற்றுக்கிழமையே என்னை இழுத்துக்கொண்டு போனாள்.

மரக்கோயிலை நிறுத்திச் சுற்றிவரக் கயிறு கட்டியிருந்தார்கள். நரிகள் இரண்டும் கண்ணாடிப் பெட்டிக்குள். வெளிச்சம் அடித்து வைத்திருந்தார்கள். திறப்புக் கவ்வியதன் கழுத்தில் அந்த வட்டங்கள் அப்படியே இருந்தன. கண்ணாடிக்கு வெளியே விரலை வைத்து எண்ணினேன். பதின்மூன்று.

பக்கத்தில் ஒரு சின்ன அட்டை. பேத்தி எனக்கு வாசித்துச் சொன்னாள். மிகப் பழைய நரிச் சிலை என்று போட்டிருந்தது. கழுத்தில் காணப்படும் கரிய வட்டங்கள், இந்தச் சிலைக்கு முன்பு எண்ணெய்ப் படையல் வைத்து வழிபட்டதன் தடயமாக இருக்கலாம் என்றும் போட்டிருந்தது.

அவளுக்குச் சிரிப்பு. காவலாளி திரும்பிப் பார்த்தான்.

“அப்பம்மா, போய்ச் சொல்லட்டோ, இது நீங்கள் செய்ததெண்டு?”

நான் கைப்பையைத் தோளில் கொழுவிக்கொண்டேன்.

“விடு பிள்ளை. அவை பொய் ஒண்டும் எழுதேல்லையே.”